ஊர்ப்பேச்சும் உண்மையும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் திண்டிவனமும் விழுப்புரமும் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முன்னாளில் இவ்வழி 45 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என வழங்கிற்று, ஜி.எஸ்.டி. சாலை என்று கூறுவாரும் உளர். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரத்தில் இருப்புப்பாதைகள் பல வந்து கூடுகின்றன. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளும், சரக்கு ஏற்றிய லாரிகளும், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமந்து செல்லும் டிராக்டர்களும், வேலைக்குச் செல்வோரின் இருசக்கர வண்டிகளும் இரவு பகல் என்னும் வேறுபாடின்றி இவ்வழியே ஓடிய வண்ணம் இருக்கின்றன.

வண்டிகள் ஓடும் வழியில் செய்திகளும் ஓடும். வண்டிக்கு வேகத்தடை உண்டு, சுங்கச்சாவடி உண்டு. ஊர்ப்பேச்சுக்கு அத்தகைய தடை ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு பேச்சு எழுகிறது என்று கொள்க. “நாளை முதல் வண்டி ஓட்டும்போது கைபேசியைத் தொடக்கூடாதாம், தொட்டால் ஐயாயிரம் ரூபாய் அபராதமாம்” என்று தேநீர்க் கடையில் ஒருவர் கூறுகிறார். அதனைக் கேட்டவர் கூட்டேரிப்பட்டில் இறங்கி, “கைபேசியைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலே பிடிக்கிறார்களாம்” என்று தம் நண்பரிடம் உரைக்கிறார். விக்கிரவாண்டியை அடையும்போது அபராதம் பத்தாயிரம் ரூபாயாக உயர்ந்துவிடுகிறது. விழுப்புரத்தை அடைந்ததும், “உரிமத்தை அன்றே பறித்துவிடுவார்கள், பிறகு ஆயுள் முழுதும் வண்டி ஓட்ட முடியாது” என்று அது முடிகிறது. அன்று மாலையில் விழுப்புரத்திலிருந்து புறப்படும் மற்றொரு பேச்சு, “அப்படி ஒரு தடையே இல்லை, நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது” என்று எதிர்த்திசையில் செல்கிறது. இரண்டு பேச்சுகளும் ஒரே சாலையில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. இரண்டையும் நம்புவார் இருக்கின்றனர்.

இப்பேச்சுகளின் சொல்லமைப்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதலில் பேசியவர், “தொடக்கூடாதாம்” என்றார். தமிழில் ‘ஆம்’ என்னும் இச்சிறு ஒட்டு மிகவும் நேர்மை வாய்ந்தது. சொல்பவர் தாமே கண்டதைச் சொல்லவில்லை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார் என்பதை அது கேட்பவருக்கு உணர்த்திவிடுகிறது. ஆனால் பேச்சு ஊர் கடந்து செல்லச் செல்ல அபராதத் தொகை கூடியது. ‘ஆம்’ என்னும் ஒட்டோ உதிர்ந்து போயிற்று. விழுப்புரத்தில் பேசியவர், “பறித்துவிடுவார்கள்” என்று தாமே சட்டம் இயற்றியவர்போல உறுதியாகக் கூறிவிட்டார். கேள்விப்பட்டது கண்டறிந்ததாக மாறும் இடம் இதுவே. ‘ஆம்’ என்பதை நீக்கிப் பேசும் உரிமை, ஆராய்ந்து தெளிந்தவருக்கே உண்டு.

இது சிறு பொருள் என்று கருதி விட்டுவிடுதல் தகாது. வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு உரிமம் என்பது உழவனுக்கு ஏர் போன்றது. அது பறிபோகும் என்னும் பொய்ச்செய்தி அவருடைய உறக்கத்தைக் கெடுக்கும். உண்மையான அபராதம் எவ்வளவு என்று அறியாதவரிடம் எவரும் எவ்வளவும் கேட்டு வாங்கலாம். மற்றொரு பக்கத்தில், தடையே இல்லை என்னும் பொய்ச்செய்தி, ஒரு கையில் திசைமாற்றியையும் மறு கையில் கைபேசியையும் பிடிக்கத் துணிவு அளிக்கும். முன்னது பொருளுக்குக் கேடு. பின்னது உயிருக்குக் கேடு. ஆதலின் உண்மையைத் தேடிக் காண்பது கற்றார்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு என்று எண்ணுதல் பிழை. சாலையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் அது கடமையாகும்.

தேடுவது எவ்வாறு? விழுப்புரத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரின் வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். இரவு உணவு முடிந்தபின் அவர், பள்ளியில் பயிலும் தம் மகளிடம் பேசத் தொடங்குகிறார்.

“அம்மா, நாளை முதல் வண்டியில் கைபேசி வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் உரிமம் போய்விடும்.”

“யார் சொன்னார்கள், அப்பா?”

“எல்லாரும் சொல்கிறார்கள்.”

“எல்லாரும் என்றால் யார் யார்?”

தந்தை சிறிது எண்ணிப் பார்க்கிறார். விக்கிரவாண்டியில் தேநீர் அருந்தும்போது ஒருவர் கூறினார். அவர் பெயர் தெரியாது. கைபேசியில் ஒரு செய்தியும் வந்தது. அதை அனுப்பியவருக்கு வேறொருவர் அனுப்பியிருந்தார். ‘எல்லாரும்’ என்று தோன்றிய கூட்டம், எண்ணிப் பார்த்தபோது முகம் அறியாத இருவராகச் சுருங்கிவிட்டது.

அம்மகள் கேட்டது முதல் வினா: சொன்னவர் யார்? இதனைத் தொடர்ந்து இன்னும் நான்கு வினாக்கள் உள்ளன. எந்தச் சட்டத்தில் உள்ளது? எந்நாள் முதல் நடைமுறைக்கு வந்தது? எதனைத் தடுக்கிறது, எதனைத் தடுக்கவில்லை? அது அச்சிடப்பட்ட ஏடு எங்கே கிடைக்கும்? இவ்வைந்து வினாக்களையும் ஒரு செய்தியிடம் கேட்டால், பொய்ச்செய்தி இரண்டாம் வினாவிலேயே தடுமாறி நின்றுவிடும். மெய்ச்செய்தி ஐந்துக்கும் விடை கூறும்.

கைபேசித் தடை பற்றிய பேச்சை இவ்வினாக்களால் ஆராய்ந்து பார்த்தல் நலம். இந்தியாவில் சாலைப் போக்குவரத்தை ஆளும் முதன்மையான சட்டம் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 184 ஆம் பிரிவு, ஆபத்து விளையும்படி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் கைபேசி இந்நாட்டு மக்கள் கைக்கு வரவில்லை. ஆதலின் அப்பிரிவில் கைபேசி என்னும் சொல் இடம்பெறவில்லை. பின்னர், உரிமத்தை நிறுத்தி வைப்பதற்கு உரிய செயல்களைத் தொகுத்துக் கூறும் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 21 ஆம் விதியின்கீழ், வண்டி ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவதும் சேர்க்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தால், வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவியை உபயோகித்தல், சிவப்பு விளக்கைக் கடத்தல், எதிர்த்திசையில் ஓட்டுதல் முதலியவற்றோடு சேர்த்து 184 ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதப்பட்டது. அது 2019 செப்டம்பர் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே தடை உண்டு என்பது மெய். ‘நாளை முதல்’ என்பது பொய். நாளை வரப்போவதாகப் பேசப்படும் தடை, நாட்டின் சட்ட ஏட்டில் முன்னரே இடம்பெற்றுவிட்டது. ஊர்ப்பேச்சு முழுப்பொய்யாக அமைவது அரிது. மெய்யோடு பொய்யைக் கலந்து வருவதால்தான் அது எளிதில் விலைபோகிறது. பாலில் கலந்த நீரைப் பிரிப்பது போல அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து அபராதத் தொகை. திருத்தப்பட்ட 184 ஆம் பிரிவின்படி, முதல் குற்றத்திற்கு நீதிமன்றம் ஆறு திங்களுக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மிகாமலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். அல்லது 1,000 ரூபாய்க்குக் குறையாமலும் 5,000 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம் விதிக்கலாம். அல்லது இரண்டையும் விதிக்கலாம். மூன்றாண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால், சிறைத்தண்டனை இரண்டாண்டு வரையும் அபராதம் 10,000 ரூபாயாகவும் உயரும். இவை நீதிமன்றம் விதிப்பவை. நீதிமன்றத்திற்குச் செல்லாமலே தொகையைச் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளும் முறை ஒன்றும் உண்டு. அதற்கு 200 ஆம் பிரிவு இடம் தருகிறது. தொகையை அந்தந்த மாநில அரசு அறிவிக்கும். தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில், வண்டி ஓட்டும்போது கைபேசி பயன்படுத்துவதற்கு முதல் முறை 1,000 ரூபாய் என்றும், மறுமுறை 10,000 ரூபாய் என்றும் குறித்தது. இதனால், ஊர்ப்பேச்சில் திரிந்த ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்னும் மூன்று எண்களும் ஏட்டில் உள்ளவையே என்பது விளங்கும். எவ்வெண் எவ்விடத்துக்கு உரியது என்னும் செய்திதான் வழியில் தொலைந்து போயிற்று.

உரிமம் ஆயுள் முழுதும் பறிபோகும் என்பது என்ன ஆயிற்று? சாலைப் பாதுகாப்புக்காக உச்சநீதிமன்றம் அமைத்த குழு, 2015 ஆகஸ்டில் மாநில அரசுகளுக்கு ஒரு கட்டளை விடுத்தது. மிகு வேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், சிவப்பு விளக்கைக் கடத்தல் முதலிய குற்றங்களோடு கைபேசி பேசிக்கொண்டு ஓட்டும் குற்றத்திற்கும் மூன்று திங்களுக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அக்கட்டளை. நிறுத்தி வைப்பது வேறு. என்றென்றைக்கும் பறிப்பது வேறு. அவ்வாறு நிறுத்துவதற்கு முன்னும், உரிமம் பெற்றவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளித்து, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 19 ஆம் பிரிவு கூறுகிறது. சாலையோரத்தில் ஒரு நொடியில் பறித்து ஆயுள் முழுதும் தடுப்பதற்கு அச்சட்டம் இடம் தரவில்லை. சட்டைப் பையில் கைபேசியை வைத்திருப்பதும் குற்றம் ஆகாது. பிரிவில் உள்ள சொல் ‘பயன்படுத்துதல்’ என்பதே.

இனி எதிர்த்திசையில் வந்த பேச்சை ஆராய்வோர், அதற்கும் ஒரு வேர் இருப்பதைக் காண்பர். 2018 மே திங்களில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் பேசினார் என்பதற்காக ஒருவர்மீது கேரளக் காவல் சட்டத்தின் 118 ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டிருந்தது. பொதுமக்களுக்குத் தெரிந்தே ஆபத்து விளைவிக்கும் செயலைப் பற்றியது அப்பிரிவு. கைபேசியில் பேசுவதைத் தடுக்கும் விதி எதுவும் அக்காவல் சட்டத்தில் இல்லை. பேசினார் என்பது மட்டுமே கொண்டு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று அப்பிரிவின்கீழ் வழக்கிட இயலாது என்று நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு ஒரு மாநிலத்தின் ஒரு சட்டத்தில் உள்ள ஒரு பிரிவின் பொருளை வரையறுத்தது. ஆனால் பேச்சு வழியாகப் பரவியபோது, வண்டி ஓட்டும்போது பேசுவது குற்றமே அன்று என்று நீதிமன்றம் கூறிவிட்டதாக அது திரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் நாடாளுமன்றம் 184 ஆம் பிரிவையே திருத்திக் கைபேசியைச் சேர்த்துவிட்டமை மேலே கூறப்பட்டது.

இரண்டாவது வேர் 2020 ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி அறிவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்றும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. இத்தொடரின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், ‘இனிக் கைபேசி பயன்படுத்தலாம்’ என்று மகிழ்ந்தனர். ‘வழி அறிவதற்கு மட்டுமே’ என்னும் சொற்கள் அவர்கள் செவியில் விழவில்லை. ஒரு தொடரைப் பாதியில் நிறுத்திப் படிப்பவன், பாலத்தைப் பாதியில் நிறுத்திக் கட்டுபவனுக்கு ஒப்பாவான். அப்பாலத்தின்மீது நம்பிச் செல்பவர்கள் ஆற்றில் விழுவர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். “வண்டி ஓட்டும்போது கைபேசி பேசக்கூடாது என்பது நல்ல கருத்து. அதனைப் பரப்பும் பேச்சு சற்று மிகையாக இருந்தால்தான் என்ன? அச்சத்தினாலாவது மக்கள் திருந்தட்டுமே” என்று சிலர் கூறுவர். இக்கூற்று கேட்பதற்கு இனியது. ஆயினும் ஏற்கத்தக்கது அன்று. ஆடு மேய்த்த சிறுவன் “புலி வருகிறது” என்று பொய்யாகக் கூவிய கதையை அறியாதார் இல்லை. நாளை முதல் உரிமம் பறிபோகும் என்று அஞ்சி ஒருவர் கைபேசியை எடுக்காமல் இருக்கிறார். நாளையும் கழிகிறது, மறுநாளும் கழிகிறது, உரிமம் பறிபோகவில்லை. அப்போது அவர், சொன்னது பொய் என்று மட்டும் எண்ணுவதில்லை. தடையும் பொய், ஆபத்தும் பொய் என்று எண்ணத் தலைப்படுகிறார். பொய்யின் தோளில் ஏற்றப்பட்ட நன்மை, பொய் விழும்போது உடன் விழுகிறது. நல்ல விதிக்குத் துணை வேண்டுமெனில், அதனை உள்ளது உள்ளபடி எடுத்துக் கூறுவதே தக்க துணை.

விதி உள்ளது உள்ளபடி விளங்கியபின், அவ்விதி ஏன் பிறந்தது என்பதும் விளங்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. வந்த செய்தியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை நிமிர்வதற்கு நான்கு நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் அவ்வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் சென்றிருக்கும். அந்தத் தொலைவு முழுவதும் அதனை ஓட்டியவர் கண்ணை மூடிக்கொண்டவருக்கு ஒப்பானவரே. பெருவழியின் இருபுறமும் ஊர்கள் உள்ளன. பள்ளி செல்லும் பிள்ளைகளும், வயலுக்குச் செல்லும் பெண்களும், கரும்புச் சுமையோடு மெல்லத் திரும்பும் டிராக்டரும் அந்த 90 மீட்டருக்குள் இருக்கக்கூடும்.

அறிஞர்களும் இதனை அளந்து பார்த்திருக்கின்றனர். கனடா நாட்டின் டொராண்டோ நகரில், கைபேசி வைத்திருந்து விபத்துக்கு உள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை இரு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 1997 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். பேசாதபோது இருப்பதைக் காட்டிலும், பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அவர்கள் கண்டனர். கையில் பிடிக்காமல் பேசும் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு மிகுந்ததாக அவ்வாய்வில் புலப்படவில்லை. இஃது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. இந்தியச் சட்டத்தின் 184 ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் கருவியைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆனால் ஆபத்து கையோடு நின்றுவிடுவது இல்லை. செவியில் கருவியைச் செருகிக்கொண்டு வீட்டுக் கணக்கைப் பேசும் ஓட்டுநரின் இரு கைகளும் திசைமாற்றியில் இருக்கலாம். அவர் உள்ளம் வீட்டில் இருக்கும். சட்டம் வரையும் கோடு ஓரிடத்தில் முடியலாம். அறிவுடையவர் அக்கோட்டுக்கும் சற்று உள்ளேயே நின்றுகொள்வர்.

உலக நாடுகள் பலவும் இவ்வுண்மையை ஏற்று விதி செய்துள்ளன. பிரிட்டனில் 2003 டிசம்பர் 1 முதல், கையில் கைபேசி பிடித்து வண்டி ஓட்டுதல் குற்றமாயிற்று. சாலைப் போக்குவரத்துக்காக 1968 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில், வண்டி ஓடும்போது ஓட்டுநர் கையில் தொலைபேசி பிடிப்பதை உள்நாட்டுச் சட்டம் தடுக்க வேண்டும் என்னும் திருத்தம் 2006 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் நிலையோ மேலும் கவலை தருவது. 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் நேர்ந்தது தமிழ்நாட்டில். அவற்றின் எண்ணிக்கை 64,105. இவ்விபத்துகள் அனைத்துக்கும் கைபேசியே காரணம் என்று கூறினால் அதுவும் ஓர் ஊர்ப்பேச்சாகிவிடும். வேகம் முதலிய காரணங்கள் பல உள. ஆயினும் தவிர்ப்பதற்கு மிகவும் எளிதான காரணம் கைபேசியே. வண்டியைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும். சாலையை அகலப்படுத்த ஆண்டுகள் வேண்டும். கைபேசியை எடுக்காமல் இருப்பதற்கு மனம் ஒன்றே போதும். முண்டியம்பாக்கத்தில் பெருவழியின் ஓரத்தில் அமைந்துள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருவரை ஏற்றிச் செல்லும் நிலை வராமல் காப்பது, அங்குச் சென்றபின் காப்பதினும் எளிது.

இனி ஐந்தாம் வினா: அச்சிட்ட ஏடு எங்கே கிடைக்கும்? சட்டமும் விதியும் மறைபொருள்கள் அல்ல. நாடாளுமன்றம் இயற்றும் சட்டமும் அரசு செய்யும் விதியும் அரசிதழில் வெளியாகும். இந்திய அரசிதழை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். நாள், எண், பிரிவு ஆகிய மூன்றும் இல்லாமல் ‘அரசு ஆணை’ என்று சுற்றிவரும் செய்தியை, முகவரி இல்லாத கடிதம் போலக் கருதி ஓரமாக வைத்துவிடலாம். படிக்கத் தெரியாதவருக்கும் வழி உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் போக்குவரத்து அலுவலகங்கள் இருக்கின்றன. விழுப்புரத்து வண்டிகள் தாங்கும் 32 என்னும் எண்ணும், திண்டிவனத்து வண்டிகள் தாங்கும் 16 என்னும் எண்ணும் அவ்வலுவலகங்கள் அளித்தவையே. தம் வண்டிக்கு எண் பெற்ற இடத்தில், அவ்வண்டியை ஓட்டும் விதி எது என்று கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. எழுத்திலே விடை வேண்டுவோர், 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாள்களுக்குள் அரசு அலுவலகம் விடை தருதல் வேண்டும். தேநீர்க் கடையில் பத்து நாள் பேசிப் பெறாத தெளிவை, ஒரு தாளில் எழுதிக் கேட்டுப் பெற்றுவிடலாம்.

இவ்வகையில் மாணவர்களுக்கு ஒரு சிறந்த பணி காத்திருக்கிறது. பல வீடுகளில் தந்தை வண்டி ஓட்டுகிறார், பிள்ளை படிக்கிறது. கைபேசியில் வந்த செய்தியைத் தந்தை மெய்யென்று நம்பும்போது, அதன் பிரிவையும் நாளையும் தேடிக் கண்டு படித்துக் காட்டுவது பிள்ளையின் கடமை. கல்வியின் பயன் தேர்வுத் தாளோடு முடிவதில்லை. வீட்டில் உள்ளவர்களின் அச்சத்தைப் போக்குவதற்கும், அவர்கள் தவறான துணிவு கொள்ளாமல் காப்பதற்கும் அது பயன்பட வேண்டும்.

விழுப்புரத்து ஓட்டுநரின் மகள் அவ்வாறே செய்தாள் என்று கொள்க. சட்டத்தின் பிரிவைத் தேடி எடுத்துத் தந்தைக்குப் படித்துக் காட்டினாள். “தடை உண்டு, அப்பா. ஆனால் அது புதியது அன்று. உரிமம் உடனே போய்விடாது, நிறுத்தி வைக்கலாம். அதற்கு முன் உங்களைக் கேட்பார்கள். வழி பார்ப்பதற்கு மட்டும் கவனம் கெடாமல் பயன்படுத்த இடம் தந்திருக்கிறார்கள்” என்றாள். பிறகு சிறிது தயங்கி, “நீங்கள் சாலையில் இருக்கும்போது இனி நான் அழைக்க மாட்டேன். வண்டியை நிறுத்தியபின் நீங்களே அழையுங்கள்” என்றாள். தந்தை அவளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஓடும்போது தமக்கு வந்த அழைப்புகளுள் பெரும்பாலானவை தம் வீட்டிலிருந்தே வந்தவை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலையில் அவர் கைபேசியின் ஒலியை அடக்கி, இருக்கையின் பின்னே இருந்த பையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். திண்டிவனத்தை அடைந்து தேநீர்க் கடையில் இறங்கினார். அங்கு ஓர் இளைஞர், “அண்ணே, செய்தி தெரியுமா? நாளை முதல் கைபேசியைத் தொட்டாலே…” என்று தொடங்கினார். ஓட்டுநர் புன்னகையோடு, “யார் சொன்னது, தம்பி? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். இளைஞரிடம் விடை இல்லை. ஓட்டுநரிடம் விடை இருந்தது. அதை அமைதியாக எடுத்துரைத்தார். அன்று அப்பேச்சு திண்டிவனத்தைக் கடந்து செல்லவில்லை.